திருடன் விட்டுவைத்த பாட்டு

அத்தியாயம் 6

பெசாமினோவின் மடியில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

உடனே யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். தோயேத்துவின் பஸ்ஸில் பலகை சீட்டெல்லாம் நிரம்பிவிட்டால் அடுத்த சீட் மனுஷன் மடிதான். யார் மடியில் யார் என்பதை டிரைவர் தோயேத்து முன்கண்ணாடியில் பார்த்துத் தீர்மானிப்பான், அப்பீல் கிடையாது. பெசாமினோ அகலமான ஆள் என்பதால் அவனுக்கு வாய்ப்பவர்களும் அகலமாகவே வாய்த்தார்கள். டீச்சர் மடியில் ஒரு மூட்டை கிழங்கு, கிழங்கின் மேல் ஒரு சேவல். சேவல் தீவின் தலைநகரான அப்பியா மார்க்கெட்டிலிருந்து அவனையே முறைத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, ரெண்டு காலும் மரத்துப் போச்சு."

"காலை வச்சு என்ன பண்ணப் போறீங்க மாப்ளே? காதைத் தீட்டிக்கிட்டு வாங்க" என்றாள் ஃபுவாத்தினோ. ஜன்னலோர சீட் அவளுக்கு. அவள் மடியில் யாரையும் உட்கார வைக்க தோயேத்துவுக்கே தைரியம் இல்லை.

போலீஸ் வேலையை உதறிவிட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் தையல்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறவள் ஃபுவாத்தினோ. பெசாமினோ அவள் தங்கை புருஷன். முன்பு டாக்ஸி ஓட்டினான். கடல் உள்வாங்கியிருந்த நேரத்தில் மணலில் டாக்ஸியை நிறுத்திவிட்டு ஒரு தூக்கம் போட்டதோடு அந்தத் தொழில் முடிந்துபோயிற்று. அன்றிலிருந்து அவன் அக்காவுக்கு உதவியாளன். தங்கை முகத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று ஃபுவாத்தினோ ஊரெல்லாம் சொல்லுவாள். அவன் இல்லாத நாளில் அவளுக்குக் கோபப்பட ஆளில்லாமல் தலைவலி வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இந்த வழக்கைப் போல ஒரு கிறுக்கு வழக்கை இருவரும் பார்த்ததில்லை. திருட்டுப் போனது நகையல்ல, பன்றியல்ல, படகு மோட்டாரும் அல்ல. பாட்டிலிருந்து பேஸ், அதாவது அடியில் தும் தும் என்று உறுமுகிற சத்தம்.

இந்தப் பஸ் போகிற ஃபாலெலோவா கிராமத்துக்காரன் உவேலேசே. ஊர் வாலிபர் குழு பாடுவதைப் பதிவு செய்து, குரலையும் வாத்தியத்தையும் அளவாகக் கலந்து, பஸ்களுக்குக் கொடுக்கிறவன். அவன் அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள் நிற்கின்றன. மேஜை மேல் வைக்கிற சமாச்சாரம் இல்லை. விழா மைதானத்தில் நிறுத்தி மூன்று ஊரைக் கூப்பிடுகிற ராட்சசப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம். பக்கத்து ஊர் வைலோலோவில் இதைவிடச் சின்னதுதான் இருக்கிறது என்பதில் ஃபாலெலோவாவுக்கு ஏகப்பட்ட பெருமை. ஊர் ஆடுகிற ஸ்பீக்கரிலேயே பாட்டைக் கலந்தால் ஊர் ஆடும் என்பது உவேலேசேயின் கட்சி. அந்த அறையில் பாட்டு ஓடினால் பேஸ் வயிற்றுக்குள் புகுந்து குடலைப் பிசையும். அதே பாட்டு பஸ்ஸில் ஏறினால் கொசு பாடுகிற மாதிரி இருக்கும். பேஸ் மாயம்.

உவேலேசேயின் சிநேகிதன் லஃபாயேலேதான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இருவரும் அரைக்கால் சட்டை வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள். நாலு பாட்டு வந்து நாலிலும் தன் விரல் சத்தமே கேட்கவில்லை என்றதும் லஃபாயேலே, "உனக்குப் பொறாமைடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நாளைக்குப் படகுப் பந்தயம். ஊருக்கான பந்தயப் பாட்டு இன்று கடைசி பஸ்ஸில் ஏற வேண்டும். அதிலும் பேஸ் இல்லாவிட்டால் அதே பஸ்ஸில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வைலோலோ வாத்தியக் குழுவுக்குப் போய்விடுவேன் என்று சபதம் போட்டிருந்தான். உவேலேசே ஃபுவாத்தினோவின் மாடிக்கு வந்து, "வைலோலோக்காரன் எவனோ என் ரூமுக்குள்ள பூந்து பேஸை எடுத்துடறான். அவனைப் பிடிச்சுக் கொடுங்கக்கா, லஃபா போயிட்டா எனக்கு யாரு இருக்கா" என்று மூக்கைச் சிந்தினான்.

நேற்று உவேலேசேயைப் பந்தயப் பாட்டோடு உள்ளே உட்கார வைத்து, தரையெல்லாம் மாவு தூவி, அறையைப் பூட்டி, வாசலில் பெசாமினோவைக் காவல் வைத்தார்கள். யாரும் வரவில்லை. ஆனாலும் பேஸ் போய்விட்டது. மாவில் பதிந்திருந்த ஒரே கால் பெசாமினோவுடையது, தின்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் போன கால்.

"அக்கா, எனக்கென்னவோ இது பேய் வேலைன்னு தோணுது."

"பேய்க்கு பேஸ் எதுக்கு?"

"அதுவும் எங்கேயாவது குழு வச்சிருக்கும்."

பஸ்ஸின் கூரையில் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் உவேலேசேயின் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் கொசு. டீச்சர்கூட, "பாவம், நல்லாத்தான் பாடறாங்க. ஆனா பட்டினியில பாடற மாதிரி இருக்கு" என்றார்.

நாலாவது பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு ஆரம்பித்தது. பப்பாளி மரத்தடியில் காத்திருக்கிற பெண்ணைப் பற்றிய பாட்டு.

பலகை சீட் அதிர்ந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டீச்சர் அதிர்ந்தார், அவர் மூலமாகப் பெசாமினோவும் அதிர்ந்தான். சேவல் இறக்கையை அடித்துக்கொண்டது. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து தாளம் போட ஆரம்பித்தார். தும், தும், தும் என்று பேஸ் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

"நிறுத்துப்பா வண்டியை!" என்று ஃபுவாத்தினோ பஸ் கூரையில் ஓங்கித் தட்டினாள்.

தோயேத்து பிரேக்கை மிதித்தான். கிழங்கு மூட்டை பெசாமினோவின் மேல் சாய்ந்தது.

"என்னக்கா, இறங்கணுமா? இங்க கடல்தான் இருக்கு."

"இந்தப் பாட்டு யார் கலந்தது?"

"உவேலேசேதான். இது ஒண்ணுதான் உருப்படி. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை போடறேன், ஜனம் விடமாட்டேங்குது."

"பாத்தீங்களா மாப்ளே? எல்லாப் பாட்டையும் வழிச்செடுத்த திருடன் இதை மட்டும் விட்டுவச்சிருக்கான். ஏன்?"

"திருடனுக்கு அன்னிக்கு வயித்துவலியா இருக்கும்."

"அன்னிக்குன்னா என்னிக்கு?" என்று அவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "தோயேத்து, இது எப்ப உன் கைக்கு வந்துச்சு?"

"திங்கக்கிழமை விடியக்காலை முதல் வண்டியில. சனிக்கிழமை கடைசி வண்டியில கேட்டேன். இன்னும் கையே வைக்கலைன்னான். திங்கக்கிழமை கண்ணெல்லாம் சிவந்துபோயி ஓடிவந்து கொடுத்தான்."

ஃபுவாத்தினோ கையிலிருந்த விசிறியை மடக்கினாள். அவள் விசிறியை மடக்கினால் யாரோ மாட்டப் போகிறார்கள் என்று பெசாமினோவுக்குத் தெரியும். பெரும்பாலும் அவன்தான்.

"சனிக்கிழமை கடைசி வண்டிக்கும் திங்கக்கிழமை முதல் வண்டிக்கும் நடுவுல என்ன வருது மாப்ளே?"

"ஞாயித்துக்கிழமை." சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "ஐயையோ!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபாலெலோவாவில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதா! வலை உலர்த்தினால்கூட ஊர்ச் சபை கூப்பிட்டுவிடும். அன்றைக்குச் சமைப்பது, சர்ச்சுக்குப் போவது, தின்பது, தூங்குவது, திரும்பச் சர்ச்சுக்குப் போவது. இதைத் தாண்டிக் கை நீட்டினவன் வீட்டுப் பன்றி அபராதமாகச் சபைக்குப் போய்விடும்.

"டீச்சர், நீங்க ஒண்ணும் கேக்கலை" என்றாள் ஃபுவாத்தினோ.

"நான் பாட்டுதான் கேட்டேன்" என்றார் டீச்சர். நல்ல மனுஷி.

*

உவேலேசேயின் சிமெண்ட் அறைக்கும் போதகர் வீட்டுக்கும் நடுவே ஒரு வாழை மரம்தான். அவர்கள் போனபோது போதகரம்மா முற்றத்தில் குனிந்து, ஜன்னலிலிருந்து விழுந்த கண்ணாடித் தகடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். போதகர் பந்தயப் படகை ஆசீர்வதிக்கத் துறைக்குப் போயிருந்தார்.

"பாரும்மா இந்த அநியாயத்தை. அந்தப் பையன் பாட்டைப் போட்டான்னா ஜன்னல்ல இருந்து ஒண்ணொண்ணா உதிருது. எங்க படுக்கையறை ஜன்னல்ல இப்ப கண்ணாடியே கிடையாது, வெறும் ஓட்டைதான். ஊர் பெட்டியாச்சே, ஊர் பெருமையாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கோம்."

"தினமுமா அம்மா?"

"தினமும்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் நிம்மதி. போன ஞாயிறுகூட ஒரு சத்தம் இல்லை. இலை விழுந்தாக் கேக்கும்." போதகரம்மா பெசாமினோவைப் பார்த்தார். "தம்பி ஏன் வாடிப்போயிருக்கு? கோக்கோ குடிக்கிறியா?"

"நல்லா இருப்பீங்க அம்மா" என்றான் பெசாமினோ. காலையிலிருந்து அவனிடம் யாரும் இவ்வளவு அன்பாகப் பேசியதில்லை.

ஒரு பெரிய குவளை கோக்கோவோடு அவன் அறைக்குள் நுழைந்தபோது ஃபுவாத்தினோ ஏற்கனவே விசாரணையை ஆரம்பித்திருந்தாள். உவேலேசே ஒல்லிக் குச்சி. அந்த இரண்டு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவே அவன் நின்றபோது, பெட்டிகள் இரண்டும் சேர்ந்து அவனைக் கைது செய்த மாதிரி இருந்தது.

"பப்பாளிப் பாட்டை எப்ப முடிச்ச?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமை கையே வைக்கலைன்னு தோயேத்துகிட்ட சொல்லியிருக்க."

"அப்போ... திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை சேவல் கூவறதுக்குள்ள முதல் பஸ்ல கொடுத்துட்ட."

"அக்கா, உங்களைத் திருடனைப் பிடிக்கத்தானே கூப்பிட்டேன்? என்னை எதுக்குக் கேள்வி கேக்கறீங்க?"

"ஞாயித்துக்கிழமை இங்கேயிருந்து ஒரு சத்தமும் வரலைன்னு போதகரம்மா சொல்றாங்க. அதான் எனக்குப் புரியல."

"ஹெட்போன் போட்டிருப்பான் அக்கா" என்றான் பெசாமினோ.

"ஹெட்போன் மேல போன மாசமே லஃபா உக்காந்துட்டான்" என்றான் உவேலேசே சட்டென்று. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஃபுவாத்தினோ வலது பக்க ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றாள். முன்பக்க இரும்பு வலையில், உவேலேசேயின் காது உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பளபளப்பு. எண்ணெய்க் கறை. மேலே மாவும் தூசியும் ஒட்டியிருந்தது.

"மாப்ளே, முகர்ந்து பாருங்க."

பெசாமினோ மூக்கை வைத்தான். "தேங்கா எண்ணெய். மோசோய்ப் பூ போட்டுக் காய்ச்சினது." அவன் முகம் மாறியது. "அக்கா, இது சர்ச் எண்ணெய்! உங்க தங்கச்சி எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் பூசி விடுவா. மத்த நாளெல்லாம் என் தலை தேங்கா நார்தான்."

"உவேலேசே, ஞாயித்துக்கிழமை தலைக்குப் பூசற எண்ணெய் ஸ்பீக்கர் கன்னத்துல எப்படி ஒட்டிச்சு? அதுக்கு முத்தம் கொடுத்தியா?"

பையன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"வேற வழி தெரியலக்கா. திங்கக்கிழமை தரேன்னு வாக்கு கொடுத்துட்டேன். சர்ச்ல இருந்து வந்ததும் கதவைச் சாத்தினேன். சத்தத்தை அப்படியே அடியில வச்சுட்டு, காதை வலையில ஒட்டவச்சு, எறும்பு பேசற மாதிரி கேட்டுக் கேட்டுக் கலந்தேன். வெளியில சொல்லிடாதீங்க. சபைக்குத் தெரிஞ்சா லூசியைக் கொண்டுபோயிடுவாங்க."

"லூசி யாரு?" என்றான் பெசாமினோ பதறிப்போய்.

"எங்க பன்னி. குட்டியா இருந்தப்ப புட்டியில பால் கொடுத்து வளர்த்தேன்."

பெசாமினோவுக்கு லூசி மேல் இரக்கம் வந்தது. கூடவே கொஞ்சம் பசியும் வந்தது, அதற்காக வெட்கப்பட்டுக் கோக்கோவைக் குடித்தான்.

ஃபுவாத்தினோ மட்டும் சிரித்தாள். "சரி. இப்ப திருடனைப் பிடிச்சுடலாம்."

"யாருக்கா? வைலோலோக்காரனா?"

"பொறு. பந்தயப் பாட்டை எடு. எப்பவும் எப்படி வேலை செய்வியோ அதே மாதிரி, அதே சத்தத்துல, ஆரம்பத்துல இருந்து கல. எங்களை மறந்துடு." அவள் பெசாமினோவை வாசல் பக்கம் இழுத்துக் காதில் கிசுகிசுத்தாள். "திருடன் இப்ப வருவான். அந்தப் பலகையில பேஸுன்னு எழுதியிருக்கிற குமிழ் தெரியுதா? அதை யார் கை தொட்டுக் குறைச்சாலும் கபால்னு பிடிச்சுடுங்க. யாரா இருந்தாலும்."

"ஆயுதம் வச்சிருந்தா?"

"உங்களுக்கு இல்லாத கனமா? மேல உக்காந்துடுங்க."

உவேலேசே குமிழைத் திருகினான். பாட்டு பாய்ந்தது. பெசாமினோவின் குவளையில் கோக்கோ நடுங்கியது. மாவு தரையிலிருந்து எழும்பிப் புகையாக நின்றது. பக்கத்து வீட்டில் எங்கோ கடைசிக் கண்ணாடித் தகடும் விழுந்து உடைந்தது. அந்தச் சின்ன சிமெண்ட் அறைக்குள் பேஸ் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு, பாடுகிறவர்கள் குரலையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. பெசாமினோ கண் கொட்டாமல் வாசலைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். கூரையைக்கூடப் பார்த்தான். யாரையும் காணோம்.

பிறகு குமிழைப் பார்த்தான். அதன் மேல் ஒரு கை இருந்தது. நைசாக, யாருக்கும் தெரியாமல், அந்தக் கை பேஸைக் குறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"மாட்டினான்டி அம்மா!" என்று பெசாமினோ பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். குவளை உருண்டது. பிடித்த கையின் வழியாகவே மேலே ஏறிப் போனான், முழங்கை, தோள், கழுத்து, கடைசியில் முகம். உவேலேசேயின் முகம்.

ஃபுவாத்தினோ பாட்டை நிறுத்தினாள்.

"அக்கா, தப்பு நடந்துபோச்சு" என்றான் பெசாமினோ. "நான் இவனையே பிடிச்சுட்டேன்."

"சரியாத்தான் பிடிச்சிருக்கீங்க. மாவுல கால் ஏன் பதியலைன்னு இப்ப தெரியுதா? திருடன் ஸ்டூல்ல உக்காந்திருந்தான்."

உவேலேசே தன் கையையே வெறித்துப் பார்த்தான், அது வேறு யார் கையோ போல. "நானா? நான் எதுக்குக் குறைக்கப் போறேன்? அது ஜாஸ்தியா இருந்துச்சு, குரலை மூடுச்சு, கொஞ்சூண்டுதான்..."

"அந்தக் கொஞ்சூண்டுதான் திருட்டு. இவ்வளவு பெரிய பெட்டி, இந்தப் பொந்து மாதிரி ரூமு, அவ்வளவு சத்தம். இங்க பேஸ் பத்து மடங்கா கேக்குது. உன் காது போதும்னு கதறுது, கை குறைக்குது. பஸ்ல இந்த ரூமும் இல்ல, இந்தப் பெட்டியும் இல்ல. குறைச்சது மட்டும்தான் போய்ச் சேருது." அவள் சத்தத்தை அடியோடு இறக்கினாள். "இப்ப வா. காதை ஒட்டவச்சுக் கேளு. பேஸ் எங்க?"

உவேலேசே வலையில் காதை வைத்தான். "காணோம். குரல்தான் கேக்குது."

"உன் கை என்ன பண்ணணும்ங்குது?"

கை தானாகவே குமிழுக்குப் போய்க் கூட்டியது. பெசாமினோ பழக்க தோஷத்தில் மறுபடி பிடிக்கப் போனான். ஃபுவாத்தினோ அவன் கையில் ஒன்று போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நடந்தது இதுதான். பயந்து பயந்து வேலை செஞ்ச. அதனால ஒழுங்கா செஞ்ச."

உவேலேசேக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப லஃபா சொன்னது நிஜம். நாலு பாட்டுலயும் அவனை நான்தான் அழிச்சிருக்கேன்."

"ஆமா. ஆனா பொறாமையில இல்ல. அதை அவன் நம்பணும்னா பப்பாளிப் பாட்டு ஏன் நல்லா வந்துச்சுன்னு நீ சொல்லியாகணும். இல்லேன்னா அந்த ஒண்ணுல விட்டவன் மத்த நாலுல வேணும்னே எடுத்தான்னுதான் நினைப்பான். அதைச் சொன்னா ஞாயித்துக்கிழமை வெளியில வந்துடும். என்ன செய்யப் போற?"

கொல்லையில் லூசி உறுமுகிற சத்தம் கேட்டது.

"சொல்லிடறேன்" என்றான். "லூசி போனாப் போகட்டும். லஃபா போகக் கூடாது."

"அப்படியா சங்கதி!"

குரல் ஜன்னலிலிருந்து வந்தது. வாழை மரத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடியில்லாத தன் படுக்கையறை ஜன்னலில் போதகரம்மா நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத ஜன்னலில் எல்லாம் கேட்கும் என்பது துப்பறியும் நிபுணருக்கே தோன்றவில்லை. உவேலேசேயின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஞாயித்துக்கிழமை வேலை செஞ்சியா?"

"செஞ்சேன் அம்மா."

"சத்தமே இல்லாமலா?"

"ஆமா அம்மா."

"அப்படிச் செஞ்சாத்தான் பாட்டு நல்லா வருமா?"

"அப்படித்தான் தெரியுது அம்மா."

போதகரம்மா தன் கையிலிருந்த உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். உவேலேசேயைப் பார்த்தார். ஊர்ச் சபையையும் படுக்கையறை ஜன்னலையும் தராசில் வைத்து நிறுக்கிறார் என்று பெசாமினோவுக்குப் புரிந்தது. ஜன்னல் தட்டு இறங்கியது.

"சபையில நான் பேசிக்கறேன். லூசி இங்கேயே இருக்கட்டும். எங்க ஜன்னல் அத்தனைக்கும் நீ கண்ணாடி போட்டுக் கொடுக்கணும், அதான் தண்டனை. இனிமே திங்களும் ஞாயிறு மாதிரிதான் வேலை செய்யணும். போ, பந்தயப் பாட்டை முடி."

"முடியாது அம்மா" என்றான் உவேலேசே பரிதாபமாக. "எறும்புச் சத்தத்துல வேலை செய்யணும்னா ஊர் அமைதியா இருக்கணும். கேளுங்களேன்."

கேட்டார்கள். மைதானத்தில் வாலிபால். துறையில் பந்தயப் பறை. நாலு வீட்டில் டிவி. பன்றிகள், நாய்கள், யாரோ யாரையோ திட்டுகிற சத்தம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஃபாலெலோவா அமைதியாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை. கடைசி பஸ் வர அதிக நேரமும் இல்லை.

போதகரம்மா ஜன்னலிலிருந்து மறைந்தார். அடுத்த நிமிஷம் சர்ச் முற்றத்தில், மரத்தில் தொங்கும் பழைய கேஸ் சிலிண்டரை இரும்புத் தடியால் யாரோ வெளுத்து வாங்குகிற ஓசை கேட்டது. ஊருக்கு அதுதான் மணி.

"படகு ஓட்டற பிள்ளைங்களுக்காக ஜெபம்!" என்று அவர் குரல் தெருவெல்லாம் போனது. "எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க! மௌன ஜெபம்! நான் திரும்ப அடிக்கிறவரைக்கும் ஒருத்தர் வாய் திறக்கக் கூடாது!"

பந்து நின்றது. பறை நின்றது. டிவிகள் அணைந்தன. வண்டிகளை மறிக்க இரண்டு பெரியவர்கள் தடியோடு ரோட்டின் நடுவே போய் நின்றார்கள். ஊர் வாயடைத்துப் போயிற்று. எல்லாரும் கண்ணை மூடி உண்மையாகவே வேண்டிக்கொண்டார்கள், வைலோலோவிடம் தோற்க யாருக்கும் இஷ்டமில்லை.

ஒரு சேவல் மட்டும் கேட்கவில்லை. டீச்சர் கொண்டுவந்த அதே சேவல், அடுத்த வீட்டு வேலியில் ஏறிக் கூவியது.

ஃபுவாத்தினோ கண்ணால் உத்தரவு போட்டாள். பெசாமினோ இடுப்பில் சுற்றியிருந்த லாவாலாவாத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பூனை நடை போட்டுப் போய் அதைக் கக்கத்தில் இடுக்கி, அலகைக் கையால் மூடிக்கொண்டு அறைக்கு வந்தான். பாட்டு முடிகிற வரைக்கும் அவனும் சேவலும் ஒருவரையொருவர் முறைத்தபடி ஜெபம் செய்தார்கள். உவேலேசே வலையில் காதை ஒட்டிக்கொண்டு, மூச்சுவிடக்கூட மறந்து, எறும்பு பேசுகிற சத்தத்தில் பந்தயப் பாட்டைக் கலந்தான். ஒலிக் குமிழ் மேலே போய்விடாதபடி ஃபுவாத்தினோ அதில் சூயிங்கத்தை ஒட்டி வைத்திருந்தாள்.

*

ஜெபம் முடிந்து பஸ் வந்தபோது லஃபாயேலே நிழற்குடையில் கிட்டாரோடு நின்றிருந்தான். பெசாமினோவையே மிஞ்சுகிற அகலம், முகம் கல். உவேலேசே ஓடிப்போய் தோயேத்துவின் கையில் பென்டிரைவைத் திணித்தான்.

"லஃபா, ஒரு நிமிஷம். நான் சொல்றதைக் கேளு. நான்தான்டா..."

"தெரியும் நீதான்னு" என்று சொல்லிவிட்டு லஃபாயேலே திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினான்.

உவேலேசே நடுரோட்டில் நின்றுவிட்டான். பெசாமினோவுக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் இதை விட்டால் அப்பியாவுக்கு வேறு பஸ் கிடையாது. ஏறினார்கள்.

பஸ் நிரம்பியிருந்தது. கடைசியாகக் கிடைத்த சீட்டில் பெசாமினோ உட்கார்ந்ததும் தோயேத்து கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்பு சொன்னான்.

"லஃபா, நீ அந்த அண்ணன் மடியில உக்காரு."

பெசாமினோ கண்ணை மூடிக்கொண்டான். உட்கார்ந்தது மனுஷனா மாட்டு வண்டியா என்று தெரியவில்லை. கிட்டார் வேறு அவன் மூக்கை இடித்தது.

பஸ் கிளம்பியது. பந்தயப் பாட்டு ஆரம்பித்தது. முதலில் பறை, அப்புறம் பிள்ளைகளின் குரல். பிறகு அடியிலிருந்து, கடலுக்குள் துடுப்பு இறங்குவது போல, பேஸ் வந்தது. பஸ்ஸின் பலகையெல்லாம் முனகியது. ஜனங்கள் ஒரு வினாடி அசந்துபோய், பிறகு ஒரே குரலில் ஊளையிட்டார்கள்.

பெசாமினோவுக்கு லஃபாயேலேயின் முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. அது அசையவில்லை. ஆனால் பெசாமினோவின் தொடையில் என்னவோ ஊர்ந்தது. நாலு விரல். தன்னையறியாமல் லஃபாயேலே பாட்டோடு சேர்ந்து அவன் தொடையில் வாசித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா" என்று பெசாமினோ மூச்சுத் திணறிக்கொண்டே சொன்னான், "கேஸ் முடிஞ்சது. என் தொடையும் முடிஞ்சது."

இரண்டாவது சரணம் வந்தது. விரல்கள் சட்டென்று நின்றன. லஃபாயேலே எழுந்து கூரையை ஓங்கிக் குத்தினான்.

"நிறுத்து! திருப்பு வண்டியை!"

திருப்ப இடமில்லை. தோயேத்து பின்னாலேயே ஓட்டினான். என்ன நடக்கப் போகிறது என்று பார்க்க ஒருவருக்கும் ஆட்சேபணை இல்லை. உவேலேசே நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். லஃபாயேலே இறங்கி அவன் முன்னால் போய் நின்றான். ஜன்னல்கள் முழுக்கத் தலைகள்.

"கேட்டியாடா?" என்றான் உவேலேசே நடுக்கத்தோடு.

"கேட்டேன். எல்லாம் கேக்குது." லஃபாயேலேயின் குரல் உடைந்தது. "ரெண்டாவது சரணத்துல நான் தப்பா வாசிச்சிருக்கேன்டா! நாளைக்கு வைலோலோ பூரா கேக்கப் போகுது! என் மானம் போகுது!"

பஸ் கொல்லென்று சிரித்தது. உவேலேசே சிரிக்கவும் அழவும் ஒரே சமயத்தில் முயற்சி செய்தான். கன்னத்தைத் துடைத்துக்கொண்ட அந்தக் கை, அப்படியே காற்றில் இல்லாத ஒரு குமிழை நோக்கிப் போனது.

"வேணும்னா அந்த இடத்துல மட்டும் கொஞ்சூண்டு குறைச்சுடட்டுமா?"

"கை வைக்காதே!" என்று பஸ் முழுக்கக் கத்தியது.

பெசாமினோ ஜன்னல் வழியாகப் பாய்ந்து பிடிக்கப் போனான். தேவைப்படவில்லை. லஃபாயேலே முந்திக்கொண்டு அந்த ஒல்லி மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் விடவே இல்லை.